ஒதுக்கிய தொகுதி யாருக்குச் சொந்தம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் 2009 ஏப்ரல் 7ஆம் தேதி நடந்த புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலுக்கு அச்சடித்த வாக்குச்சீட்டில் 15 பெயர்கள். பி.கே.ஆர். சார்பில் எஸ். மணிக்குமார், தேசிய முன்னணி சார்பில் ம.இ.கா.வின் எஸ். கணேசன், மீதி 13 பேரும் சுயேச்சைகள். ஒரு மாநிலச் சட்டமன்ற இருக்கைக்கு இத்தனை பேரா என்று ஊர் சிரித்தது. மணிக்குமார் 2,403 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்; சிரிப்பும் அடங்கியது. ஆனால் அந்த நீளச் சீட்டை வெறும் கூத்தென்று தள்ளிவிட முடியாது. இந்தியருக்கென்று ஒதுக்கியதாகச் சொல்லப்படும் தொகுதிகள் கெடாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்குள் நுழையும் வழி கட்சித் தலைமையின் கையெழுத்து ஒன்றுதான். அந்தக் கையெழுத்து கிடைக்காதவர் பொறுத்துப் போவார், உள்ளடி வேலை பார்ப்பார், இல்லையென்றால் சுயேச்சையாக நிற்பார்.

சட்டத்தில் ‘இந்தியர் தொகுதி’ என்று எதுவும் கிடையாது. கூட்டணிக் கட்சிகள் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்ட பங்கு அது. லூனாஸ், புக்கிட் செலம்பாவ், நாடாளுமன்றத்துக்குப் பாடாங் செராய் என்று தெற்குக் கெடாவின் ரப்பர்த் தோட்ட வட்டாரத்தில்தான் இந்தப் பங்கு விழுந்தது. இந்த வழக்கத்தைக் கேவலமாகப் பேசுவது சுலபம். நான் அதில் சேரமாட்டேன், காரணம் இருக்கிறது.

கெடா மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதுவும் சிதறிய 7 விழுக்காடு. புக்கிட் செலம்பாவில் 2009 வாக்காளர் பட்டியலில் இந்தியர் சுமார் 30 விழுக்காடு. அந்த மாநிலத்தில் அதுவே பெரிய எண்ணிக்கை. எங்குமே பெரும்பான்மை இல்லாத சமூகம், ஒதுக்கீடு இல்லாமல் போட்டியிட்டால் 36 இருக்கைகளில் ஒன்றுகூடக் கிடைப்பது கடினம். மாநில இருக்கைதானே, நாடாளுமன்றம் போதாதா என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: நிலம் மாநில அரசின் அதிகாரம். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதியாக்கும்போது அங்கிருந்த கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடம் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டார். அந்தக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்கவாவது ஒரு ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், உள்ளே வேண்டும்.

இன்னொரு நன்மையை யாரும் சொல்வதில்லை. தமிழ் வேட்பாளர் தமிழர் ஓட்டில் மட்டும் ஜெயிக்க முடியாது. மலாய்க் கம்பத்து வீட்டு வாசலிலும் சீனர் காப்பிக்கடையிலும் அவர் போய் உட்கார வேண்டும். இனவாரிக் கட்சியில் வளர்ந்தவரையும் தொகுதிக் கணக்கு மற்ற இனத்தாரிடம் இழுத்துக்கொண்டு போகிறது.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், அந்தக் கையெழுத்தில்தான். கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நிற்க, தலைமை கையெழுத்திட்ட நியமனக் கடிதம், அதாவது வாத்திக்கா, கையில் இருக்க வேண்டும். தேர்தல் நெருங்கும் வாரங்களில் ம.இ.கா. கிளைகளிலும் பி.கே.ஆர். தொகுதிகளிலும் பேச்சு முழுவதும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். யார் பெயர் பட்டியலில், யார் பெயரை மாநிலத்தில் வெட்டினார்கள், யார் கோலாலம்பூர் போய்விட்டு வந்தார். சாலைக் குழியும் நிலப் பட்டாவும் அந்த நாட்களில் யார் வாயிலும் வராது. கடிதம் மேலிருந்து வருவதால் நன்றியும் மேலே போகிறது. கடிதம் கிடைக்காத அணி தேர்தல் நடவடிக்கை அறைக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும், வேலை செய்யாது.

புக்கிட் செலம்பாவையே பாருங்கள். 2008இல் சுயேச்சையாக வென்று பி.கே.ஆரில் சேர்ந்து ஆட்சிக்குழுவுக்கும் போன வி. ஆறுமுகம் ஓராண்டுக்குள் விலகினார். அடுத்து மணிக்குமார். 2013இல் கிருஷ்ணமூர்த்தி. 2018இல் சண்முகம் ரெங்கசாமி. பத்தாண்டில் நான்கு பேர். கட்சி தோற்கவில்லை, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். ஒரு நிலக் கோப்பு நகரவே ஐந்தாறு வருஷம் பிடிக்கிற நாட்டில், ஒவ்வொரு தவணைக்கும் புதுமுகம் என்றால் அந்தக் கோப்பை யார் நினைவில் வைத்திருப்பது?

லூனாஸ் கதை வேறு மாதிரி. ம.இ.கா.வின் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் 2000 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனால் வந்த இடைத்தேர்தலில் எதிரணி நிறுத்தியது பி.கே.ஆரின் முன்னோடியான கெஅடிலான் கட்சியின் சைஃபுடின் நசுத்தியோனை. அந்தத் தொகுதியைக் கேட்டுக்கொண்டிருந்த ஜ.செ.க.வுக்கு அதில் கசப்பு. 530 வாக்கில் சைஃபுடின் ஜெயித்தார். கெடாவில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சீனப்பள்ளிப் பிரச்சினையில் கொதித்திருந்த வாக்குகள்தான் அன்று முடிவைத் திருப்பின. ‘இந்தியர் தொகுதி’யின் முடிவு இந்தியர் கையில் இல்லை என்பது 2000இலேயே தெரிந்துபோனது. 2013இலும் 2018இலும் லூனாசில் பி.கே.ஆருக்காக நின்று வென்றவர் அஸ்மான் நஸ்ருடின். 2020 மே மாதம் அவரும் சிடாம் தொகுதி உறுப்பினரும் கட்சியை விட்டுப் போனதில், பி.கே.ஆர். இடம்பெற்ற பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியின் முக்ரிஸ் ஆட்சி கவிழ்ந்தது, பாஸ் கட்சியின் சனுசி மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார்.

அதே அஸ்மான்தான் பாடாங் செராயிலும் வருகிறார். 2008 முதல் மூன்று தேர்தலாகப் பி.கே.ஆர். அங்கே தமிழரையே அனுப்பியது: கோபாலகிருஷ்ணன், சுரேந்திரன், கருப்பையா. 2022 பொதுத்தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது கருப்பையா காலமானார். வாக்களிப்பு டிசம்பர் 7க்குத் தள்ளிப்போனது. பக்காத்தான் ஹராப்பான் மாற்றாக நிறுத்தியது முகமட் சோபி ரசாக்கை. இடையில் மத்தியில் பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்துவிட்டதால், தேசிய முன்னணியின் ம.இ.கா. வேட்பாளர் சிவராஜ் போட்டியைக் கைவிட்டு சோபியை ஆதரித்தார். சீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதற்கும் ஏறத்தாழ 3,000 ஓட்டு விழுந்தது. பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் கூட்டணி சார்பில் நின்ற அஸ்மான் 16,260 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மூன்றே வாரத்தில் அந்தத் தொகுதியில் இரண்டு தமிழ் வேட்பாளர்கள் இல்லாமல் போனார்கள். ஒருவரை மரணம் கொண்டுபோனது. இன்னொருவரைக் கொண்டுபோன உடன்பாட்டுக்குத் தோட்டத்துக் கிளைகளின் சம்மதம் தேவைப்படவில்லை.

2023இல் அது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஆறு மாநிலத் தேர்தல்களிலும் போட்டியிடுவதில்லை என்று ம.இ.கா.வும் ம.சீ.ச.வும் அறிவித்தன. ஆகஸ்டு 12 முடிவில் கெடாவின் 36இல் பெரிக்காத்தானுக்கு 33, பக்காத்தானுக்கு 3. புக்கிட் செலம்பாவும் போனது. சட்டமன்றத்தில் தமிழர் ஒருவரும் இல்லை. இதற்குத் தலைவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. மலாய் வாக்குகள் அம்னோ, பாஸ், பக்காத்தான் என்று மூன்றாகப் பிரிந்த 2018இல் தமிழ் வேட்பாளர் கரையேற முடிந்தது. அவை ஒரே பக்கம் குவிந்ததும் அந்த வழி அடைபட்டது. முன்பு தோட்ட லயத்தில் வரிசையாக வசித்தவர்கள் இப்போது சுங்கை பட்டாணித் தாமான்களில் பரவிக் கிடக்கிறார்கள். கிளைத் தலைவர் கைகாட்டும் ஓட்டும் இன்று இல்லை.

ஒரு ஒய்பி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில் அலோர் ஸ்டாரில் மதுரை வீரன் ஆலயம் உடைக்கப்பட்டபோதும், 2021இல் தைப்பூச விடுமுறை ரத்தானபோதும் சண்முகம் சட்டமன்றத்தில், எதிரணி வரிசையில், இருந்தார். குரல் கொடுக்க முடிந்ததே தவிரத் தடுக்க முடியவில்லை. ஒதுக்கீட்டின் பயன் ஆளுங்கட்சி வரிசையில் மட்டுமே என்றால், ம.இ.கா. ஏன் 2025இல் தேசிய முன்னணியை விட்டு விலகும் பேச்சைப் பொதுப்பேரவை வரை கொண்டுபோனது, ஏன் பெரிக்காத்தான் பக்கம் பார்த்தது என்பது புரிகிறது. கெடாவில் ஆட்சி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை.

கேள்வி வேறு. கூட்டணி மாறினாலும் வாத்திக்கா அதே வழியில்தான் வரும். சட்டமன்ற வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசித்தால் போதும் என்கிறது சட்டம். அந்தத் தொகுதிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கட்சிகள் நினைத்தால் அதற்கு மேலும் போகலாம்: தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவரையே நிறுத்தலாம், கிளைகளின் பரிந்துரையை ஆறு மாதம் முன்பே வெளியிடலாம், ஜெயித்தவரை இரண்டு தவணைக்கு மாற்றாமல் விடலாம். இவற்றில் ஒன்றுக்கும் சட்டத் திருத்தம் வேண்டாம், மலாய் ஓட்டும் வேண்டாம். அடுத்த மாநிலத் தேர்தல் 2028க்குள் வர வேண்டும். பீடோங்கிலும் கூலிமிலும் பெயர்கள் இப்போதே அடிபடத் தொடங்கிவிட்டன, வழக்கம்போலக் கோலாலம்பூரைப் பார்த்தபடி.