சிறுவர் நூல்களில் இழிசொல்: இரு பனுவல்கள்

இளையோர் கைக்குச் செல்லும் நூல்களில் இனவெறி எப்போதும் வெறுப்பின் வடிவில் வருவதில்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட பனுவலிலும் ஒரு பெயராகவோ ஒரு படமாகவோ அது இடம்பெறக்கூடும். தமிழரோடு தொடர்புடைய இரு நூல்கள் இதற்குச் சான்றாகின்றன.

ஹெலன் பானர்மேன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி, கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு இரயிலில் வருகையில் தம் மகள்களுக்காக எழுதியதாகக் கூறப்படும் ‘லிட்டில் பிளாக் சாம்போ’ 1899இல் வெளிவந்தது. தன் ஆடைகளைப் பறித்த புலிகளைச் சிறுவன் ஒருவன் அறிவால் வெல்கிறான். புலிகளோ மரத்தைச் சுற்றியோடி உருகி நெய்யாகின்றன. கதை சிறுவனைத் தாழ்த்தவில்லை. ஆயினும், ‘சாம்போ’ என்பது கறுப்பினத்தாரை இகழ வழங்கிய சொல். படங்களும் அவர்களைக் கேலிச்சித்திரமாக்கின. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1930களிலேயே இந்நூலைக் கண்டித்தார். 1996இல் ‘சிறுவன் பாபாஜி’ என இந்தியப் பெயர்களோடும் புதிய படங்களோடும் அக்கதை மறுபதிப்புப் பெற்றது. கதை பிழைத்தது, எனினும், பழைய பெயரால் ஏளனம் செய்யப்பட்டோரின் நினைவை மறுபதிப்பு அழித்துவிடாது.

இரண்டாவது, தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ (1971). மூவினக் குடும்பங்களின் ஒற்றுமையை நோக்கி நகரும் இந்நாவல், 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலானது. மணியம் என்னும் பாத்திரத்தையும் உடன் வந்தோரையும் ‘பறையா’ சாதியினர் எனக் குறித்தமை இந்தியரிடையே கடும் எதிர்ப்பைத் தூண்டியது. அவ்வாண்டின் இறுதியில் நூலை மீட்டுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது.

ஈண்டு நாம் நம்மையே வினவ வேண்டியுள்ளது. அச்சொல் தமிழ்ச் சமூகத்திலிருந்தே பிறமொழிகளுக்குச் சென்றது. அதனை இழிசொல்லாக்கியதில் நம் சாதியமைப்புக்கும் பங்குண்டு. இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆயினும், பிறப்பால் மனிதரை அளப்பது இரண்டிற்கும் பொது. அச்சொல் நம்மைக் குறிக்கலாகாது என்பதா நம் வாதம், எவரையும் இழிவாகக் குறிக்கலாகாது என்பதா? முன்னதாயின், நாமும் அவ்விழிவை ஏற்றவராவோம்.

கிளேபாங் போன்ற ஊர்களில் மூவினப் பிள்ளைகளும் ஒரே இடைநிலைப்பள்ளி வகுப்பில் அமர்கின்றனர். பாடத்தில் படித்த சொல் திடலில் வசையாகலாம். நூலை நீக்குவதால் பாடம் மறையும், வசை மறையாது. அச்சொல்லின் வரலாற்றை, நம் பங்கையும் மறைக்காமல், மாணவர்க்கு எடுத்துரைப்பதே ஆசிரியர் கடமை எனலாம்.