காரையாற்றங்கரையில் நாற்பத்திரண்டு இலை

உளுந்தஞ்சோறு எனக்குப் புதிதில்லை. தூத்துக்குடியில் எங்கள் அம்மா மாதம் இரண்டு தடவையாவது வைப்பாள். குக்கரில் நாலு விசில், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், அவ்வளவுதான். அந்த ருசி எனக்கு முழுசாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். காரையாற்றுக்குப் போய், மூன்று கல் அடுப்பில் ஒரு பெரிய அண்டா நிறைய உளுந்தஞ்சோறு வெந்து, அத்தை அந்த மூடியைத் திறந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது, அதுவரை நான் சாப்பிட்டது அந்தச் சோற்றின் நிழலைத்தான் என்று. அப்படி ஒரு வாசனை! வறுத்த கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய், அதோடு விறகுப் புகையும் ஆற்று ஈரமும் சேர்ந்த வாசனை. பத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

கல்லிடைக்குறிச்சிக்கு வாக்கப்பட்டு வந்த முதல் ஆடி அது. என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குக் குலதெய்வம் சொரிமுத்து அய்யனார். பாபநாசத்திலிருந்து மலையேறி, காரையாறு அணைக்குப் போகிற வழியில், தாமிரபரணிக் கரையிலேயே கோயில். ஆடி அமாவாசைக்கு நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போய்க் குடில் போட்டுத் தங்குவார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற கும்பிடு இல்லை. ஆற்றங்கரை மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து எழும்புகிற கும்பிடு. முன்பெல்லாம் பத்து நாள்கூடத் தங்குவார்களாம். இப்போது வனத்துறை அனுமதிக்கிற சில நாட்கள்தான். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில் அல்லவா. 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அந்தக் காட்டுக்குள் சோறு பொங்கித் தின்னக் கிடைக்கிற ஒவ்வொரு நாளும் வரம் என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் குடும்பத்தில் போன வருஷம் நாற்பத்திரண்டு பேர். சென்னை, பெங்களூர், மும்பை என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் வேலை தொடங்கிவிடும். மல்லி, வத்தல், மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து மில்லில் திரித்து வந்து ஆற வைக்க வேண்டும். முந்திரிக்கொத்து இரண்டு டின். பயறும் கருப்பட்டியும் சேர்ந்த பண்டம், பத்து நாளானாலும் கெடாது. அரிசி, தேங்காய், உடை விறகு, கல் அம்மி ஒன்று சாக்கில் சுற்றி. காட்டுக்குள் சுள்ளி பொறுக்குவது தப்பு, அதனால் விறகு ஊரிலிருந்தேதான். இப்போதெல்லாம் திருவிழா நாட்களில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தச் சொல்லி அரசுப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். அண்டாவுக்குள் தேங்காயை அடுக்கி, அந்த அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதைப் பார்க்க வேண்டுமே! சாமி தேரில் போகிற மாதிரி இருக்கும்.

போய் இறங்கியதும் முதல் வேலை அடுப்புக்குக் கல் தேடுவது. முதல் வருஷம் நான் ஆசையாக ஆற்றுக்குள் இறங்கி, வழுவழுவென்று உருண்டையாக இருந்த மூன்று கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அத்தை பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள கெடந்த கல்லு வேண்டாம் தாயி. சூடு ஏறிச்சின்னா வெடிச்சுத் தெறிச்சிரும். மேட்டுல காஞ்சு கெடக்குது பாரு, அதை எடு.”

கல்லுக்குள் ஊறியிருக்கிற ஈரம் நெருப்பில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் கல்லையே பிளந்துவிடும் என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அத்தை பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புதான் படித்தவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

கல் வைத்த பிறகு அண்டாவின் அடியில் ஆற்று மண்ணைக் குழைத்துப் பூசுவோம். மண் பூசினால் கரி பாத்திரத்தில் பிடிக்காது, தேய்க்கும்போது மண்ணோடு உதிர்ந்துவிடும். ஆற்றில் சோப்பும் ஷாம்பும் கூடாது என்று வனத்துறை சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது தேவையும் இல்லை. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும், பாத்திரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

முதல் நாள் ராத்திரிக்கு எப்போதும் உளுந்தஞ்சோறுதான். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை எண்ணெய் விடாமல், கைவிடாமல், வாசம் தூக்கும்வரை வறுக்க வேண்டும். அரிசி எங்கள் பக்கத்து அம்பை 16. குட்டையாய், குண்டாய் இருக்கிற அரிசி, உளுந்தோடு அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு வேகும். உலை கொதித்ததும் பூண்டு, உரித்துப் போட்டால் போதும், நறுக்க வேண்டாம். அப்புறம் வெந்தயம், சீரகம், உப்பு. பாதி வெந்ததும் திருவிய தேங்காய். அதற்குமேல் விறகை வெளியே இழுத்துவிட்டு, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிடுவார் அத்தை. மேலேயும் சூடு, கீழேயும் சூடு. கால் மணி நேரத்துக்கு ஒருவரும் பக்கத்தில் போகக் கூடாது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரு வாய் ஊட்ட ஒரு மணி நேரம் கெஞ்ச வைக்கிற என் மகள், அங்கே இலையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக இருப்பாள்!

சுடச்சுட இலையில் விழும். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். பக்கத்தில் அம்மியில் அரைத்த எள்ளுத் துவையல், அதில் ஒன்றிரண்டாக நிற்கிற எள். அடியில் பிடித்த காந்தலுக்கு ஒரு சண்டையே நடக்கும். அந்தக் காந்தல் யாருக்கு என்பதை அத்தைதான் தீர்ப்புச் சொல்வார். போன வருஷம் எனக்கு!

இதையெல்லாம்விட நான் சொல்ல வந்தது வேறு. அங்கே எந்தக் குடும்பமும் தனக்கு மட்டும் சமைப்பதில்லை. மூடியைத் திறந்ததும் முதல் கரண்டி எங்கள் இலைக்கு வராது. வலப்பக்கக் குடிலுக்கு ஒரு கிண்ணம், இடப்பக்கக் குடிலுக்கு ஒரு கிண்ணம், அதன் பிறகுதான் நாங்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒரு வருஷம் கோவில்பட்டிக்காரர்கள், ஒரு வருஷம் உடன்குடிக்காரர்கள். தெரிந்தவர்களுக்கு எடுத்து வைப்பது மாதிரியே எடுத்து வைப்பார் அத்தை. பத்து நிமிஷத்தில் அந்தக் கிண்ணம் திரும்பி வரும், உள்ளே அவர்கள் வீட்டுப் பதார்த்தத்தோடு. உடன்குடிக்காரர்கள் கொடுத்த சுக்குக் கருப்பட்டியைக் காப்பியில் தட்டிப் போட்டுக் குடித்தோம். சாரல் தூறுகிற காலையில் அந்தக் காப்பிக்கு இந்த உலகத்தில் ஈடு கிடையாது.

முதல் வருஷம் பக்கத்துக் குடிலிலிருந்து ஒரு பாத்திரத்தில் கூட்டாஞ்சோறு வந்தது. முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் ஒன்றாய்க் குழைந்து, அப்படி ஒரு பக்குவம். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி நான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“வெறுங்கிண்ணத்தையா கொடுக்கப் போற? நாலு அப்பளமாவது சுட்டுப் போட்டுக் கொண்டு போ தாயி.”

கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு அப்பளத்துக்கா பஞ்சம்? தணலில் அப்பளத்தைக் காட்டினால் படபடவென்று பொங்கி, ஓரம் லேசாகக் கருகி வரும். எண்ணெயில் பொரித்த அப்பளத்தில் அந்த ருசி வரவே வராது. பத்து அப்பளம் சுட்டு அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு ஆச்சி வாங்கி, ஒன்றை ஒடித்து முதலில் என் வாயில் வைத்தார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்த விரல் என் உதட்டில் பட்டது ஞாபகம் இருக்கிறது.

அய்யனாருக்குச் சைவப் படையல், சர்க்கரைப் பொங்கல். கிடா காவல் தெய்வங்களுக்கு. அதனால் கிடா வெட்டும்வரை எங்கள் குடிலில் கறி கிடையாது. வெட்டிய பிறகு அடுப்புப் பக்கம் பெண்களுக்கு வேலை இல்லை. என் சின்ன மாமனார் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் அது அவர் ராஜ்யம். பதினாலு கிலோ கறிக்கு மூன்று கிலோ சின்ன வெங்காயம். உரித்து உரித்து எங்கள் கண்ணெல்லாம் சிவந்து போகும், பேச்சும் சிரிப்பும் அடங்காது. ஒரு வருஷத்துக் குடும்பக் கதை முழுக்க அந்த வெங்காயக் கூடையைச் சுற்றித்தான் வெளியே வரும். அவர் நல்லெண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், ஒரு பிடி கறிவேப்பிலை போட்டு, வெங்காயம் கண்ணாடியாகும்வரை பொறுமையாக நிற்பார். கறி விழுந்ததும் மஞ்சள், உப்பு. தண்ணீர் ஒரு சொட்டு விட மாட்டார். கறி விடுகிற தண்ணீரிலேயே அது வதங்கி, எண்ணெய் ஓரம் பிரிந்த பிறகுதான் மசாலா, அதற்கப்புறம்தான் தண்ணீர். குடல் தனி அடுப்பு, தலைக்கறி தனி அடுப்பு, ரத்தப் பொரியல் பிள்ளைகளுக்கு முதலில். உப்புப் பார்க்க அவர் குழம்பை வாயில் வைத்துப் பார்த்ததை நான் கண்டதே இல்லை. ஆவியை மோந்தே சொல்லிவிடுவார், “இன்னும் ஒரு கை போடு”. ஒரு தடவையும் தப்பியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, குழம்பு பாதி வெந்துகொண்டிருக்கும்போது சாரல் சட்டென்று மழையாகிவிட்டது. அடித்த காற்றில் எங்கள் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து பறந்தது. நெருப்பு சீறுகிறது, அண்டாவுக்குள் மழை விழுகிறது, நாற்பது பேர் சோறு. நாங்கள் பதறி நிற்கும்போது பக்கத்துக் குடிலில் இருந்து நாலு ஆண்கள் ஓடி வந்தார்கள். கையில் அவர்களுடைய சொந்தத் தார்ப்பாய். கட்டுவதற்கு நேரமில்லை. ஆளுக்கு ஒரு மூலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“நீங்க குழம்பைப் பாருங்க அண்ணாச்சி, நாங்க நிக்கோம்.”

முக்கால் மணி நேரம் நின்றார்கள். கை வலித்தால் மாற்றிப் பிடிக்க அவர்கள் வீட்டுப் பையன்கள் வந்தார்கள், எங்கள் வீட்டுப் பையன்களும் போனார்கள். முதுகெல்லாம் மழை, முகமெல்லாம் புகை. அவர்கள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அன்றைக்கு முதல் இலை அந்த நாலு பேருக்கும் போட்டோம். சின்ன மாமனார் தன் கையாலேயே ஈரலாகப் பொறுக்கி அவர்கள் இலையில் வைத்தார். வைக்கும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்தக் குழம்பை மாதிரி ஒரு குழம்பு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அமாவாசை இருட்டு என்றால் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. நிலா கிடையாது, தெருவிளக்கு கிடையாது, சுற்றிலும் மலை. அந்தக் கறுப்புக்குள் ஆற்றின் இரண்டு கரையிலும் அடுப்புகள் மட்டும் சிவப்பாய் எரிந்துகொண்டிருக்கும். தூரத்தில் கோயில் பக்கத்திலிருந்து மேளச் சத்தம். சாப்பிட்டு முடித்து, இலைகளைக் காட்டு மிருகம் இழுக்காதபடி ஒன்று விடாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தணலைச் சுற்றி உட்கார்வோம். மும்பையிலிருந்து வந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே போர்வைக்குள். அடுப்பில் கடைசித் தணலுக்குள் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு புதைத்து வைத்திருப்பார் அத்தை, யாருக்கும் சொல்லாமல். நடுராத்திரியில் பசிக்கிறது என்று எழுந்திருக்கிற பிள்ளைக்கு அது.

அத்தைக்கு இப்போது எழுபத்தாறு. முட்டி வலி. போன வருஷம் அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். உளுந்தை நான்தான் வறுத்தேன். மூடிமேல் தணலை நான்தான் அள்ளிப் போட்டேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை, கிண்ணத்தை மட்டும் நீட்டினார். பக்கத்துக் குடிலுக்கு.

திரும்பி வந்து பாத்திரங்களைப் பிரித்து அடுக்கும்போது பார்த்தால், எங்களுடையது இல்லாத ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அடியில் புள்ளி புள்ளியாக “ச.மு.” என்று வெட்டியிருக்கிறது. இடப்பக்கக் குடிலில் இருந்து வாழைக்காய்ப் புட்டு வந்த வாளி. அவசரத்தில் எங்களோடு வந்துவிட்டது. தேய்த்து, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவர்களும் வருஷா வருஷம் வருகிறவர்கள்தான், அதே மரத்தடியில் குடில் போட்டால் கண்டுபிடித்துவிடலாம். உள்ளே என்ன வைத்துக் கொடுப்பது என்றுதான் வீட்டில் பேச்சு. அத்தை முந்திரிக்கொத்து என்கிறார். எனக்கு, மூடி கொள்ளாதபடி உளுந்தஞ்சோறு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆடிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.