சக்கரம் பூண்ட சிங்காசனம்

எருசலேமிலிருந்து நாடு கடத்தப்பட்ட எசேக்கியேல் என்ற ஆசாரியர், கி.மு. 593இல் பாபிலோன் தேசத்தின் கேபார் ஆற்றங்கரையில் வானம் திறக்கக் கண்டார். புயற்காற்று, நெருப்பு, நான்கு முகங்கள் கொண்ட நான்கு ஜீவன்கள், சக்கரத்துக்குள் சக்கரம், அவற்றுக்கு மேலே சிங்காசனம். ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தில் கேருபீன்களுக்கு மேல் வீற்றிருப்பவராகத் தாம் அறிந்திருந்த இறைவனை, ஆலயமே இல்லாத அந்நிய மண்ணில் அவர் கண்டார். சிங்காசனத்துக்குச் சக்கரங்கள் இருந்ததில்தான் செய்தியே இருக்கிறது. ஆண்டவர் எருசலேமோடு கட்டுண்டவர் அல்லர். சிறைப்பட்டுப் போன ஜனத்தைத் தேடியும் வருவார். தானியேல் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை பின்னால் எழுந்த தரிசன நூல்கள் பலவும் இந்த ஒரு அதிகாரத்துக்குக் கடன்பட்டவை.

ஆனால் தரிசனம் எசேக்கியேலோடு தொடங்கவில்லை. சாமுவேலின் காலத்திலேயே தீர்க்கதரிசிகள் கூட்டமாக, இசைக்கருவிகள் முழங்க மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். பெத்தேலிலும் எரிகோவிலும் ‘தீர்க்கதரிசிகளின் புத்திரர்’ குழுவாக வாழ்ந்தார்கள். எலிசா வாக்குரைக்கும் முன் வாத்தியக்காரன் ஒருவனை வாசிக்கச் சொன்னார். ஆக, பயிற்சியும் குருகுலமும் அப்போதே இருந்தன.

கூடவே போலிகளும் இருந்தார்கள். ஆகாப் அரசனுக்கு முன்னால் ஏறத்தாழ நானூறு பேர் ஒரே குரலில் வெற்றி நிச்சயம் என்றார்கள். பரலோக சபையைக் கண்டதாகச் சொன்ன மிகாயா ஒருவர்தான் மாற்றிச் சொன்னார், சிறைக்குப் போனார். அரசன் போர்க்களத்தில் மாண்டான். அன்றிலிருந்தே இஸ்ரவேலில் தரிசனத்துக்கு உரைகல் தேவைப்பட்டது. சொன்னது நடக்கிறதா என்று உபாகமம் கேட்கிறது. அதே நூல் இன்னோரிடத்தில், அடையாளம் பலித்தாலும் வேறு தெய்வங்களிடம் இழுத்துச் செல்பவனை நம்பாதே என்று எச்சரிக்கிறது. எரேமியா இன்னும் ஆழமாகப் போகிறார்: கர்த்தருடைய ஆலோசனையில் உண்மையாகவே நின்றவன் ஜனங்களைப் பொல்லாத வழியிலிருந்து திருப்பியிருப்பான் என்கிறார். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் உயர்ந்த அளவுகோல். கண்டது எவ்வளவு வியப்பானது என்பது இதில் கணக்கிலேயே வருவதில்லை.

பின்னாளில் ஏனோக்கின் பெயரால் வளர்ந்த தரிசனப் பள்ளி தனித்தன்மை உடையது. ஆதியாகமம் சில வரிகளில் கடந்துபோகும் ஏனோக்கை இவர்கள் பரலோகத்தின் எழுத்தராக்கினார்கள்; 364 நாள் கொண்ட ஆண்டுக் கணக்கையும் விண்மீன்களின் பாதைகளையும் அவர் வாயிலாகச் சொன்னார்கள். இவர்களுடைய நூல் முழுமையாகத் தப்பிப் பிழைத்தது எத்தியோப்பியாவில், கீஸ் மொழியில். 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற பயணி அதன் கைப்பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் அரமேயத் துண்டுகள் கிடைத்தபோது அதன் பழமை உறுதியானது.

அந்த நூலின் 13 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதுண்டு. பாவத்தில் விழுந்த தூதர்கள் தங்களுக்காகப் பரிந்து ஒரு மனு எழுதும்படி ஏனோக்கை வேண்டுகிறார்கள். எர்மோன் மலைக்குத் தென்மேற்கே, தாண் நீர்நிலையின் ஓரமாக உட்கார்ந்து, தூக்கம் வரும்வரை ஏனோக்கு அதை வாசிக்கிறார். பிறகு தரிசனத்தில் எழும்பிப் போகிறார். பளிங்குக் கற்களால் ஆன ஒரு வீடு. கூரையில் விண்மீன்களும் மின்னல்களும். உள்ளே நெருப்பின் வெப்பமும் பனியின் குளிரும் ஒருசேர இருக்கின்றன. உயிருக்கு இன்பமான எதுவும் அங்கே இல்லை. நடுங்கி முகங்குப்புற விழுகிறார். அதைவிடப் பெரிய இன்னொரு வீட்டில் சிங்காசனம். அதற்கும் சக்கரங்கள், சூரியனைப் போல ஒளிர்பவை. கடைசியில் கிடைத்த பதில் என்ன? மனு தள்ளுபடி. மனிதருக்காக நீங்கள் வேண்டியிருக்க வேண்டும், உங்களுக்காக மனிதன் வேண்டுவதா என்று தூதர்களுக்குக் கேள்வி போகிறது. தான் கேட்கப்போனதற்கு நேர்மாறான பதிலையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பவனே இந்தப் பள்ளிக்குத் தரிசனக்காரன்.

தானியேலின் வழி வேறு. எரேமியாவின் சுருளை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு விளக்கம் வருகிறது. மூன்று வாரம் இறைச்சியும் திராட்சரசமும் தொடாமல் இருந்த பிறகு தரிசனம் வருகிறது. படிப்பும் உபவாசமும் இங்கே வாசல்கள். கி.மு. 167இல் அந்தியோகு எபிபானஸ் என்ற அரசன் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கொடுமையின் நடுவே இந்த நூல் இன்றைய வடிவம் பெற்றதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அடிவாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, தீர்ப்பளிக்கும் ஆசனம் வேறிடத்தில் இருக்கிறது என்று காட்டிய நூல் அது. அதை ஆண்டுக் கணக்குப் புதிராக மட்டும் வாசிப்பது அதற்கு நாம் செய்யும் அநியாயம்.

கும்ரான் சமூகம் தரிசனத்தை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது. ஓய்வுநாள் பலிப் பாடல்கள் என்று அறிஞர் அழைக்கும் தொகுப்பில் 13 பாடல்கள். ஆண்டின் ஒரு காலாண்டுக்கு வாரம் ஒன்று. பரலோக ஆலயத்தின் கதவுகளும் தூண்களும்கூட அங்கே துதி பாடுகின்றன. இறுதிப் பகுதியில் எசேக்கியேல் கண்ட சிங்காசன இரதம் வருகிறது. எருசலேம் ஆலயத்தைவிட்டு விலகியிருந்தவர்கள், சபையாகக் கூடி வாரந்தோறும் தூதர்களின் ஆராதனையில் கலந்தார்கள். இதன் பிரதி ஒன்று மசாதா கோட்டையிலும் கிடைத்திருக்கிறது.

கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பிறகு வந்த ரபிகள் இந்த மரபுக்கு வேலி போட்டார்கள். எசேக்கியேலின் இரதத்தைத் தனியொருவனுக்குக்கூட விளக்கக் கூடாது, அவன் தானாகவே புரிந்துகொள்ளும் ஞானியாக இருந்தாலொழிய என்பது அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. ஆலயம் அழியும் முன்பே, எசேக்கியேலின் சொற்கள் தோராவோடு முரண்படுவதாகத் தோன்றியதால் நூலையே ஒதுக்கிவிடப் பார்த்தவர்கள் உண்டு. அனனியா பென் எசேக்கியா 300 ஜாடி எண்ணெய் எரித்து, மேல்வீட்டில் உட்கார்ந்து முரண்களைத் தீர்த்தார் என்கிறது தல்மூத். தோட்டத்துக்குள் நுழைந்த நால்வரின் கதையும் அங்கேதான் வருகிறது. பென் அசாய் இறந்தார். பென் சோமா சித்தம் கலங்கினார். எலிசா பென் அபூயா விசுவாசத்தையே விட்டார். ரபி அகீவா மட்டும் சமாதானத்தோடு திரும்பினார்.

பிற்கால எகலோத் நூல்களில் ஏழு அரண்மனைகள், வாசல்தோறும் காவல் தூதர், காட்டவேண்டிய முத்திரைகள் என்று ஒழுங்கு இன்னும் இறுகுகிறது. அவற்றில் ஒரு காட்சி: ரபி நெகுன்யா பென் அக்கானா தரிசனத்தில் ஆழ்ந்திருக்கிறார், சீடர்களுக்கு ஒரு சந்தேகம். தீட்டின் நிழல் மட்டும் பட்ட துணியொன்றை அவர் முழங்காலில் வைக்கிறார்கள். உடனே சிங்காசனத்துக்கு முன்னிருந்து அவர் திருப்பி அனுப்பப்படுகிறார், சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிறார். சீடருடைய கேள்விக்காகப் பரலோகத்திலிருந்து ஆசானையே இறக்கலாம் என்று துணிந்த பள்ளி அது! இந்த நூல்கள் கும்ரானிலிருந்து நேராக இறங்கியவையா என்பதில் ஆய்வாளர் கெர்சோம் ஷோலம் காலத்திலிருந்தே வாதம் நடக்கிறது. ஒரே குருபரம்பரை என்று சொல்லச் சான்று போதாது. ஒரே தாகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

பத்மு தீவில் யோவான் கண்ட சிங்காசனமும் நான்கு ஜீவன்களும் இந்த மரபுக்குள்தான் நிற்கின்றன. ஏழு சபைகளில் ஐந்தின் குற்றங்களைப் பெயர் சொல்லிக் கண்டித்து மனந்திரும்ப அழைத்ததால், எரேமியாவின் அளவுகோலிலும் அவர் தேறுகிறார்.

சபையில் வாசிக்கலாகாது என்று மிஷ்னா விலக்கிய எசேக்கியேலின் முதல் அதிகாரம், இன்று வாரங்களின் பண்டிகையன்று யூத ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அந்தப் பண்டிகைதான் நமக்குப் பெந்தெகொஸ்தே. வருகிற பெந்தெகொஸ்தேயில் எசேக்கியேல் 1, தானியேல் 7, வெளிப்படுத்தின விசேஷம் 4 ஆகிய மூன்று அதிகாரங்களையும் இதே வரிசையில் வீட்டில் உரக்க வாசியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.