இயக்குநர் இறந்தால் ஊர் என்ன செய்யும்?

நடிகர் இறந்தால் என்ன செய்வதென்று திருச்சி மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 1959 நவம்பர் 1 அன்று மறைந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் சமாதி திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. நகரில் அவருக்கு அரசு மணிமண்டபமும் கட்டியாயிற்று. சிவாஜி கணேசன் சிறுவனாக வளர்ந்ததும் அதே சங்கிலியாண்டபுரம்தான். நடிகருக்கான துக்கத்துக்கு முறை உண்டு: முச்சந்தியில் மாலை போட்ட படம், ஒலிபெருக்கியில் சோகப் பாட்டு, அடைத்த கடைகள், மௌன ஊர்வலம். 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். இறந்தபோது மொட்டையடித்துக்கொண்ட ஆண்கள் தமிழ்நாடெங்கும் இருந்தார்கள்.

இயக்குநருக்கு இப்படி ஒரு முறை ஏற்படவே இல்லை. துறையூரைத் தாண்டி, பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் கிடக்கும் உப்பிலியபுரம் போன்ற ஊர்களில் படம் என்றால் ‘சிவாஜி படம்’, ‘ரஜினி படம்’தான். டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்தவர்கள் பெயர் சொல்லிக் கேட்ட இயக்குநர்கள் மிகச் சிலர். ஸ்ரீதர், பாலசந்தர், பிறகு படம் தொடங்குமுன் தன் குரலாலேயே வணக்கம் சொன்ன பாரதிராஜா. மற்றவர்களின் பெயர் போஸ்டரின் அடிவரிசையில் பசைக்குள் மறைந்துவிடும்.

ஆகவே, இயக்குநர் ஒருவர் இறக்கும்போது தமிழ் ரசிகர்கள் எப்படித் துக்கம் காக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு 2014 நல்ல ஆண்டு. நல்ல என்பது கொடூரமான சொல்தான். பிப்ரவரி 13-இல் பாலுமகேந்திரா, நவம்பர் 18-இல் ருத்ரய்யா, டிசம்பர் 23-இல் கே. பாலசந்தர். மூன்று மரணங்களையும் ஒரே தமிழ்ச் சமூகம் மூன்று விதமாக எதிர்கொண்டது.

பாலசந்தரின் இறுதிச்சடங்குதான் நடிகரின் இறுதிச்சடங்குக்கு மிக அருகில் வந்தது. ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகம் போட்டு, 1965-இல் ‘நீர்க்குமிழி’யோடு இயக்குநராகி, 2010-க்கான தாதாசாகேப் பால்கே விருதுவரை வந்தவர். ஆனால் அவரைப் பற்றிய இரங்கல்களில் பெரும்பகுதி அவர் யாரை அறிமுகப்படுத்தினார் என்ற பட்டியல்தான். 1975-இல் ‘அபூர்வ ராகங்க’ளில் கேட்டைத் திறந்துகொண்டு வந்த ரஜினிகாந்த் தொடங்கி அந்தப் பட்டியல் நீளும். ‘அரங்கேற்றம்’ ஒரு வைதிகக் குடும்பத்தைக் காட்டிய விதமும், ‘அவள் ஒரு தொடர்கதை’யின் கவிதா சம்பளக் கவரை வீட்டுக்குக் கொண்டுவரும் கோபமும் அந்தப் பட்டியலுக்குக் கீழே எங்கோ நசுங்கிக் கிடந்தன. இயக்குநரை ‘குரு’ என்று ஆக்கிவிட்டால் நடிகருக்கான துக்கத்தையே கொஞ்சம் மாற்றி அவருக்கும் செலுத்திவிடலாம். சுலபமான வழி.

அதற்கு ஒரு விசித்திரமான பின்னிணைப்பும் அமைந்தது. அவர் கடைசியாக நடித்த ‘உத்தம வில்லன்’ 2015 மே மாதம் வெளிவந்தது. அதில் அவர் ஒரு மூத்த இயக்குநர். சாகப்போவது அவர் வளர்த்த நடிகராக வரும் கமல்ஹாசன். திரையில் சீடனின் சாவுக்கு ஆசான் கலங்குகிறார்; அரங்கிலிருந்தவர்கள் அழுததோ ஆசானுக்கு. அந்த இரண்டு மணி நேரச் சொச்சம்தான் பாலசந்தருக்குத் தமிழ் ரசிகர்கள் செய்த சரியான அஞ்சலி என்று எனக்குப் படுகிறது. அங்கே யாரும் பட்டியல் வாசிக்கவில்லை.

பாலுமகேந்திராவுக்கு அழுதவர்கள் மாணவர்கள். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து வந்தவர் அவர். முதுமையில் சாலிகிராமத்தில் ‘சினிமா பட்டறை’ நடத்தினார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று அவரிடமிருந்து கிளம்பிய இயக்குநர்களின் வரிசை நீளம். சாலிகிராமத்தில் பின்னர் அவர் பெயரில் ஒரு நூலகமும் வந்தது. எம்.ஜி.ஆருக்குச் சிலை வைத்தவர்கள் இருந்த ஊரில் இவருக்கு வாசிப்பு மேசை போட்டவர்கள் இருந்தார்கள்.

ருத்ரய்யாவுக்கு இவை எதுவும் இல்லை. உப்பிலியபுரத்திலிருந்து மலையைச் சுற்றிப் போனால் வரும் சேலம் மாவட்டத்துக்காரர். 1978 தீபாவளிக்கு ‘அவள் அப்படித்தான்’, 1980-இல் ‘கிராமத்து அத்தியாயம்’, அவ்வளவுதான். முதல் படத்தில் கமல், ரஜினி, ஸ்ரீபிரியா மூவரும் இருந்தும் வசூல் இல்லை. அவர் மறைந்த செய்தியைப் பார்த்துப் பலர் கேட்டது, ‘இவ்வளவு நாள் இருந்தாரா?’ என்றுதான். சினிமாவை வாசிப்பாகவும் கொண்ட ஒரு சிறு கூட்டம் மட்டும் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து மறுபடி பார்த்தது. சத்தமில்லாத துக்கம், ஆனால் முழுக்கப் படத்தைப் பற்றிய துக்கம்.

2019 ஏப்ரல் 2-இல் இயக்குநர் மகேந்திரன் போனபோது இந்த வகைகள் எல்லாம் கலந்துபோயின. இளைஞர்கள் பலருக்கு அவர் ‘தெறி’யின் வில்லன். அந்த முகத்தின் வழியாக ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ என்று பின்னோக்கி நடந்தார்கள். சிவாஜிக்காக ‘தங்கப்பதக்கம்’ வசனத்தை எழுதியவர்தான் பிறகு வசனத்தைக் குறைத்துப் பார்வையைப் பேசவிட்டார் என்பது அவர்களில் சிலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘முள்ளும் மலரு’முக்கு ஒளிப்பதிவு பாலுமகேந்திரா, படம் முடிகிற நேரத்தில் தயாரிப்பாளர் கைவிரித்த ஒரு பாடல் காட்சிக்குப் பணம் தந்தவர் கமல். ஓர் அஞ்சலி இன்னோர் அஞ்சலிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது.

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். நடிகருக்கான துக்கத்துக்கு உடல் போதும், படம் போட்ட பேனர் போதும். இயக்குநருக்கான துக்கத்துக்கு அவர் எடுத்த படம் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறதா? ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகியவற்றின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டன என்று பாலுமகேந்திராவே உயிரோடிருக்கும்போது புலம்பினார். இரண்டும் தேசிய விருது பெற்றவை. தமிழில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கலைஞன் தன் படைப்புக்குத் தானே இரங்கல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு நாம் எழுதிய இரங்கல்களில் எத்தனை இதைத் தொட்டன?

அழிவதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. நெகட்டிவ் தயாரிப்பாளரின் சொத்து. அது கிடப்பது லேபில். படம் ஓடி முடிந்ததும் தயாரிப்பாளருக்கு அது நினைவிலிருந்து போய்விடும். வாடகை பாக்கி சேரும். அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும். பழைய பிரிண்டுகளை வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. டிஜிட்டல் வந்து லேபுகள் மூடியபோது பெட்டிகளைக் கேட்க ஆளில்லை.

சத்யஜித் ராய் 1992 ஏப்ரல் 23-இல் இறந்தபோது கொல்கத்தா தெருவில் திரண்டது. மறுவருடமே லண்டனில் ஒரு லேபில் பிடித்த தீயில் அவருடைய மூன்று ‘அப்பு’ படங்களின் மூல நெகட்டிவ்கள் கருகின. கருகியதைக்கூட யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால், இத்தாலியின் பொலோன்யா நகரில் சட்டகம் சட்டகமாகச் சரிசெய்து, 2015-இல் மூன்று படங்களும் மறுபடி திரைக்கு வந்தன. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ‘ஒடேசா’ திரைப்படக் குழு ஊர் ஊராய் 16 மி.மீ. படம் காட்டி, உண்டியல் குலுக்கி, ‘அம்ம அறியான்’ எடுத்தது. தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான். துக்கம் வருவதற்கு முன்பே அவர்கள் படத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள்.

திருச்சிக்கு இந்த ஊர் ஊராய்ப் படம் காட்டும் தொழில் புதிதல்ல. 1905-இல் இங்கே ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் திரும்பவிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பியதில்தான் தென்னாட்டு டூரிங் சினிமாவின் கதை தொடங்குகிறது. துறையூரிலோ உப்பிலியபுரத்திலோ அடுத்த மூத்த இயக்குநருக்கு ஃபிளெக்ஸ் வைக்கப்போகிற பிள்ளைகள், அந்தக் காசில் பள்ளிக்கூடச் சுவரில் அவருடைய ஒரு படத்தைக் காட்டலாம். காட்டத் தேடும்போது நல்ல பிரதி கிடைக்காது. அப்போது தயாரிப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், மாடியில் துருப்பிடித்த பெட்டி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையிலேயே பட்டறை வைத்து, சுருளைத் துடைக்கவும் ஒட்டவும் கற்றுக்கொடுத்தது. கற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டும்.