உளி தேடிய தலை

இன்றைய ஆங்கிலத்தில் அருகிவிட்ட ‘ஸ்னேக்ஸ்டோன்’ என்னும் சொல், பாம்பு கடித்த இடத்தில் நஞ்சை உறிஞ்சும் என நம்பி வைக்கப்பட்ட விஷக்கல்லையும், ஸ்காட்லாந்தின் சாணைக்கல் வகை ஒன்றையும் குறித்ததுண்டு எனினும், அதன் சுவை மிகுந்த பொருள், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, கொளக்காநத்தம் பகுதிகளின் அரிப்பு நிலங்களிலும் கிடைக்கும் அம்மோனைட்டே ஆகும். கணவாய்க்கு உறவாய், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன கடலுயிரியின் புதைபடிவம் அது. அறிவியல் வழங்கும் பெயரோ ஆட்டுக்கடாக் கொம்புடைய எகிப்தியத் தெய்வமான ஆமோனிடமிருந்து பிறந்தது.

புனித ஹில்டா பாம்புகளைத் தலையற்ற கற்களாக்கினார் என்பது இங்கிலாந்தின் விட்பி நகரத்துக் கதையாதலின், அவ்வூர்க் கைவினைஞர் அம்மோனைட்டின் வெளிச்சுற்று முனையில் கண்ணும் வாயும் செதுக்கி விற்றனர். போலி வேலைதான், ஆயினும் உயிருடன் இருந்தபோது அப்பிராணியின் தலை வெளிப்பட்டதும் அதே முனையில் என்பதால், அந்த உளி உயிரைப் பிழையாகவும் தலைக்குரிய இடத்தைச் சரியாகவும் கண்டது எனலாம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் பலவும் அம்மோனைட்டுகளே. அவற்றின் இயற்கைச் சுருளைத் திருமாலின் சக்கரமாகக் கொண்டு, எதையும் சேர்க்காமல் வழிபட்ட வைணவ மரபின் ரசனை இன்னும் நுட்பமானது.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுத் தொன்மையுடைய காரைப் படிவுகளில் கிடைக்கும் சில அம்மோனைட்டுகள் விட்பி உளிக்குப் பிடிகொடுத்திரா. தட்டையாகச் சுருளாமல் கோபுரமாய் ஏறும் டர்ரிலைட்டஸ் என்னும் அம்மோனைட் வகையை எந்தப் பாம்பாகவும் ஆக்க இயலாது. மேலோடு உதிர்ந்த படிவங்களில், உட்சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய இடங்கள் இலைவிளிம்பெனக் கிளைத்தோடும் கோடுகளாகத் தெரியும். ‘தையல் கோடு’ எனப்படும் இவற்றைக் கொண்டே ஆய்வாளர் இனம் பிரிக்கின்றனர். இப்பகுதிப் படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களில் இவற்றைப் படங்களுடன் விரிவாக நூலாக்கினார்.

இவ்வட்டாரத்தில் மெருகுக் கலை தேர்ந்தெடுத்தது வேறொரு கல்லை: பாம்பின் பகையான கருடன் பெயரைத் தாங்கிய கருடமங்கலத்தில், சிப்பிகள் நெருங்கிப் பதிந்து கிடைக்கும் சுண்ணக்கல், திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்னும் பெயரில் அலங்காரப் பொருள்களாக இழைக்கப்பட்டது.