எஸ்.ஐ.பி.யின் இருபதாவது வருடம்

மாதம் 5,000 ரூபாய், 20 வருடம், 12 சதவீதம். எந்த மியூச்சுவல் ஃபண்ட் முகவரின் செல்போனில் இந்த மூன்றையும் போட்டாலும் கிட்டத்தட்ட 50 லட்சம் என்று விடை வரும். கையிலிருந்து போனது 12 லட்சம்தான். கூட்டல் பெருக்கலில் பிழை ஒன்றுமில்லை. அந்த 12 சதவீதம் வருடா வருடம் பிசகாமல் வருமா, அன்றைக்கு 50 லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன வாங்கலாம் என்பதைத்தான் அந்தத் திரை சொல்வதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தொகை இன்றைய மதிப்பில் சுமார் பதினைந்தரை லட்சம்.

இதைப் படித்துவிட்டு, தபால் நிலைய ஆர்.டி.யே போதும் என்று திரும்பிவிடவும் முடியாது. அதே 5,000 ரூபாய்க்கு 6.7 சதவீத வட்டி 20 வருடமும் தொடர்ந்து கிடைத்தாலும் சேர்வது சுமார் 25 லட்சம். விலைவாசியைக் கழித்தால் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிய தவணைகளையும் அதேபோல இன்றைய மதிப்பில் பார்த்தால், போட்ட பணம் தேய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும், பெரிதாக வளர்க்காது. வட்டிக்கு வரி வேறு உண்டு. ஆக, நீண்ட காலச் சேமிப்பில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாதா மாதம் ஒரே தொகையை ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. என்ற முறைக்குத் தருகிற புகழ் அதற்குத் தகுமா என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் புகழ், சராசரி விலை. சந்தை இறங்கினால் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஒரு யூனிட் ஐந்து மாதங்களில் 100, 80, 50, 80, 100 ரூபாய் என்று போனால், மாதம் 5,000 போட்டவருக்கு 325 யூனிட் சேரும். அவர் கொடுத்த 25,000 ரூபாயின் மதிப்பு 32,500 ஆகியிருக்கும். விளம்பரங்களில் வருவது இந்தக் குழிவான கோடுதான். கோடு நேராக ஏறினால்? 100, 110, 120, 130, 140 என்று போகட்டும். முதல் மாதமே 25,000-ஐ மொத்தமாகப் போட்டவரிடம் 35,000 இருக்கும், எஸ்.ஐ.பி.காரரிடம் 29,600 கூட இருக்காது. பத்து இருபது வருடக் கணக்கில் சந்தை ஏறும் என்று நம்பித்தானே இதில் இறங்குகிறோம்? அந்த நம்பிக்கை சரியென்றால் தவணை முறை லாபத்தைக் கூட்டுவதில்லை, கொஞ்சம் குறைக்கிறது. மாதச் சம்பளக்காரர் கையில் மொத்தப் பணம் கிடையாது, அதனால் மாதா மாதம் போடுகிறார். இது அவருடைய வசதி. அதை முதலீட்டு உத்தி என்று பட்டுத்துணி சுற்றி விற்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

இதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் சந்தை சரிந்தால் நல்லதுதான். சேர்ந்திருப்பது கொஞ்சம், மலிவாக வாங்கப்போவது நிறைய. இருபதாவது வருடத்தில் நிலைமை தலைகீழ். 50 லட்சம் நிற்கும்போது சந்தை 30 சதவீதம் விழுந்தால் போவது 15 லட்சம். இருபது வருடம் வயிற்றைக் கட்டிப் போட்ட 12 லட்சத்தைவிட அது அதிகம்! அந்த மாதத்துத் தவணை 5,000 ரூபாய், மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது மலிவாக வாங்கி எதைச் சராசரியாக்கும்?

30 சதவீதம் என்பது பயமுறுத்தச் சொன்ன எண் இல்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சத்தில் கிடந்தது. 2020 ஜனவரியில் 42,000 பக்கம் இருந்தது மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. இரண்டு முறையும் மீண்டது. ஆனால் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி குறித்தவர், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியவர் அதுவரை காத்திருக்க முடியாது. பணம் தேவைப்படுவதற்கு நாலைந்து வருடம் முன்பிருந்தே வருடா வருடம் ஒரு பங்கை எடுத்து வங்கி வைப்புக்கு மாற்றுவதுதான் வழி. பங்கு ஃபண்டில் நீண்டகால லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம் என்பதால், பிரித்து எடுப்பது வரிக்கும் உதவும். கடன் ஃபண்டை வைப்பு நிதி மாதிரி நினைத்து அதற்கு மாற்றுவோர், 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை ஒரே இரவில் மூடியதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது, அவசரத்துக்கு வரவில்லை.

எஸ்.ஐ.பி.யின் நிஜமான பலம் வேறிடத்தில் இருக்கிறது. சம்பளம் ஏறின கையோடு, செலவு கண்ணில் படுவதற்கு முன்பே, 5-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடுகிறது. நம் ஊருக்கு இது புதிதல்ல, ஏலச்சீட்டும் நகைச்சீட்டும் செய்கிற வேலைதான். ஒன்று மட்டும் வித்தியாசம். சீட்டில் ஒரு மாதம் தவறினால் சீட்டுப் பிடிப்பவர் வீட்டு வாசலில் நிற்பார், கூடக் கட்டுகிறவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. எஸ்.ஐ.பி.யை நிறுத்த யாரிடமும் பதில் சொல்லவேண்டாம், செயலியில் விரலால் ஒரு தட்டு போதும். 2024 செப்டம்பருக்குப் பிறகு சந்தை இறங்கியபோது அதுதான் நடந்தது. 2025 ஜனவரியில் நாட்டில் புதிதாகத் தொடங்கிய எஸ்.ஐ.பி.களைவிட நின்றுபோனவை அதிகம். சராசரி விலைத் தத்துவத்தின்படி அதிக யூனிட் வாங்கவேண்டிய மாதத்தில்தான் ஆட்கள் இறங்கிப் போனார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் சீட்டு பின்தங்கிவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். சீட்டுக்காரர் ஓடிவிட்டால் பணமும் ஓடிவிடும். ஃபண்ட் நிறுவனம் நொடித்தாலும் முதலீட்டாளர் சொத்து தனி அறக்கட்டளையின் பெயரில் தனியாக நிற்கும்.

செலவைப் பற்றி முகவர்கள் பேசமாட்டார்கள், பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தரகு இல்லாத டைரக்ட் பிளான் உண்டு. ரெகுலர் பிளானில் முகவரின் கமிஷன் யூனிட் மதிப்பிலிருந்தே கழிந்துகொண்டிருக்கும், ரசீதில் தெரியாது. ஆண்டுக்கு 1 சதவீதம் குறைந்தால், முன்பு 50 லட்சம் காட்டிய கணக்கு 44 லட்சத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. சந்தை விழுகிறபோது போன் செய்து “நிறுத்தாதீங்க சார்” என்று பிடித்துவைக்கிற முகவர் அந்த ஆறு லட்சத்துக்குத் தகுதியானவர்தான். அப்படிப்பட்டவர் வாய்த்திருக்கிறாரா என்பதைச் சந்தை விழும்போதுதான் தெரிந்துகொள்ள முடியும்.

என் தீர்ப்பு இது. நிரந்தர வருமானம், கையில் ஆறு மாதச் செலவுக்கான இருப்பு, பத்து வருடத்துக்கு அந்தப் பணத்தைத் தொடவேண்டிய அவசியமின்மை, இந்த மூன்றும் உள்ளவருக்கு எஸ்.ஐ.பி. தேறுகிறது, அதுவும் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில், கடைசி நாலு வருடம் படிப்படியாக வெளியேறும் திட்டத்தோடு. மூன்று வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட நினைப்பவருக்குத் தேறவில்லை. ஒரு மாதம் பத்தாயிரம், மறுமாதம் ஒன்றுமில்லை என்று வருமானம் வருகிற டெம்போ ஓட்டுநருக்கும் தேறவில்லை. கணக்கில் பணம் இல்லாத 5-ஆம் தேதி தவணை திரும்பினால் வங்கி பிடிக்கிற அபராதம், அவருடைய சிறிய தவணையில் கணிசமான பங்கு. அவசரத்துக்கு ஏலம் எடுக்கலாம் என்ற ஒரு வசதிக்காகவே, பதிவு பெற்ற நிறுவனத்தின் சீட்டு இன்னமும் அவருக்குப் பொருத்தமானது.