சுவடியும் மூலக்கோப்பும்

நிறத்தை ஒளிப்பதிவாளர் கணக்கிலும் காட்சியோட்டத்தைப் படத்தொகுப்பாளர் கணக்கிலும் எழுதுவது நம் திரைத்திறனாய்வு மரபு. இடையில் நிகழும் கோப்பு மாற்றம் பொருட்படுத்தப்படுவதில்லை. டேவிட் ஃபிஞ்சரின் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ (2010) ‘ரெட் ஒன்’ கேமராவில் ‘ரா’ கோப்புகளாகப் பதிவானது. இக்கோப்பில் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றன் ஒளியளவை மட்டுமே தாங்கி நிற்கும். எஞ்சிய இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு பின்னர்க் கணித்துப் பெறப்படுவன. வெண்சமநிலையும் மாற்றத்தக்கதொரு குறிப்பாகவே உடன்வரும். புள்ளியிடாத ஓலைச்சுவடியை இஃது ஒத்தது. எகரமா, ஏகாரமா எனப் பதிப்பாசிரியர் துணிவதுபோல், இங்கு நிறத்தைத் துணிபவர் கோப்பை மாற்றுவோரே.

கிர்க் பாக்ஸ்டரும் ஆங்கஸ் வாலும் தொகுத்தவை ‘புரோரெஸ்’ வடிவிற்கு மாற்றிய படிகள். எந்த நடிப்பு நிற்கும், எது நீங்கும் என்பது அப்படிகளைக் கண்டே முடிவாயிற்று. அரங்கில் நாம் கண்டதோ மூலக்கோப்பிலிருந்து மீண்டும் உருவாக்கியது. அத்தொகுப்பு 2011இல் ஆஸ்கார் பெற்றதை வகுப்பில் சொல்கிறோம்; தொகுத்தோர் கண்ட படி எது என வினவுவதில்லை. (பாடவேறுபாடு காட்டாத சுவடிப் பதிப்பை மட்டும் எத்துணைக் கடிந்துரைக்கிறோம்!)

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. சுவடியின் ஆசிரியர் திரும்பி வருவதில்லை. ஒளிப்பதிவாளரோ இறுதி நிறத்தைத் திருத்த வரலாம். ஆயினும், மாற்றுப்படியைக் கண்டு தொகுப்பாளர் விலக்கிய காட்சி அத்திருத்தத்தால் மீள்வதில்லை.